வௌவாலை எந்தக் கட்டில் சேர்ப்பது?

உயிரினங்களை வகைப்படுத்தும் படிகள் ஏழு: உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். இந்த ஏழையும் முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போடாதீர்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவார்கள், அதோடு ஆர்வமும் போய்விடும். நான் எப்போதும் பட அட்டைகளில்தான் ஆரம்பிப்பேன்.

எறும்பு, சிலந்தி, சுறா, திமிங்கிலம், வௌவால், காகம், தவளை, பூனை, புலி, சிங்கம், காளான், செடி கொடி என்று இருபது அட்டை போதும். நாலைந்து பேருக்கு ஒரு கட்டு. "இஷ்டப்படி பிரிங்க. ஏன்னு கேட்டா மட்டும் காரணம் சொல்லணும்." பெரும்பாலும் பறப்பவை, நீந்துபவை, நடப்பவை என்று பிரிப்பார்கள். திருத்தாதீர்கள். "அப்போ தீக்கோழி?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். சண்டை கிளம்பும், கிளம்பட்டும்.

சண்டை சூடாக இருக்கும்போதே உடலைப் பார்க்க வையுங்கள். எறும்புக்கு ஆறு கால், உணர்கொம்பு உண்டு. சிலந்திக்கு எட்டு, உணர்கொம்பே கிடையாது. இரண்டும் கணுக்காலிகள்தான், வகுப்பு வேறு. இதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம்.

திமிங்கிலத்துக்கு நேரம் கொடுங்கள். சுறாவின் வால் செங்குத்தாக நிற்கும், இடமும் வலமுமாக ஆடும். திமிங்கிலத்தின் வால் படுக்கையாக இருக்கும், மேலும் கீழுமாக அடிக்கும். சிறுத்தை ஓடும்போது முதுகு வளைவதும் மேலும் கீழுமாகத்தான். காணொளி இருந்தால் திமிங்கிலம், சிறுத்தை இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். நுரையீரல், பால் என்று நீங்கள் சொல்வதற்குள், திமிங்கிலம் மீனல்ல, பாலூட்டி என்று பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். உயிரின வகைப்பாட்டுக்கு அடித்தளம் போட்ட லின்னேயஸே 1735-இல் தன் நூலில் திமிங்கிலத்தை மீன்களோடுதான் வைத்தார், அதன் 1758-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் பாலூட்டிகளுக்கு மாற்றினார். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு அப்படியொரு குஷி!

வௌவாலும் பாலூட்டிதான், அதைக் காட்ட எலும்புப் படம் வேண்டும். பிள்ளை தன் கையை அதன்மேல் விரித்து வைக்கட்டும்: மேலே கொக்கி போலத் துருத்துவது கட்டைவிரல், சவ்வைத் தாங்கும் நீண்ட எலும்புகள் மற்ற நான்கு விரல்கள்.

இப்போது அந்த ஏழு படிகளை எடுக்கலாம். அறிவியல் பெயர்களில் சிங்கம் பாந்தெரா லியோ, புலி பாந்தெரா டைகிரிஸ், வீட்டுப் பூனை ஃபெலிஸ் கேட்டஸ். மூன்றும் ஒரே குடும்பம். முதல் இரண்டும் ஒரே பேரினம். பெயர்களை எழுதி வைத்து, நெருங்கிய உறவு எதற்கும் எதற்கும் என்று கேளுங்கள். விளக்கம் தேவைப்படாது.

காளானை எப்படியும் செடிகளோடுதான் வைத்திருப்பார்கள். அது தனி உலகம், மரபணுப்படி செடியைவிட விலங்குக்கே நெருக்கம் என்று சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் மரபணுவை விட்டுவிட்டு, "காளான் பச்சையா இல்லையே, சாப்பாட்டுக்கு என்ன செய்யும்?" என்று மட்டும் கேட்டால் போதும்.