கரும்புச் சாம்பல் விழும் ஊரில் நீச்சல் குளத்து வடிகட்டி

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட், வெருலம், ஸ்டாங்கர் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு நீச்சல் குளத்தின் முதல் எதிரி பாசியன்று, கரும்புச் சாம்பல். அறுவடைக்கு முன் தோகையை எரிக்கத் தோட்டத்தில் தீ மூட்டும் நாட்களில், கரிய இழைகள் காற்றில் ஏறிவந்து கொடியில் காயும் துணியிலும் குளத்து நீரிலும் ஒருசேர விழும். 1860-இல் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்கள் வெட்டிய கரும்பு, இன்று அவர்கள் வழிவந்தவர்களின் குளத்தை அழுக்காக்குகிறது என்று என் மாமா சொல்லிச் சிரிப்பார். ஆகவே இப்பகுதியில் வடிகட்டி வாங்குபவர், கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்பதற்கு முன், தம் குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது, அதில் என்ன விழுகிறது என்ற இரண்டையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

கணக்கு எளியது. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். எட்டு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் சராசரி ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் 48,000 லிட்டர் நிற்கும். அந்த நீர் முழுவதும் எட்டு மணி நேரத்தில் ஒருமுறை வடிகட்டியைக் கடக்க வேண்டுமானால், மணிக்கு 6,000 லிட்டருக்குக் குறையாமல் ஓட்டம் வேண்டும். வடிகட்டியின் மேல் ஒட்டியுள்ள தகட்டில் அது தாங்கும் உச்ச ஓட்டம் எழுதியிருக்கும். பம்பு அதை மீறக் கூடாது. பெரிய பம்பு இருந்தால் நீர் சீக்கிரம் தெளியும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அளவுக்கு மிஞ்சிய வேகம் நுண்ணிய தூசியை வடிகட்டிக்குள் இருக்கும் மணலில் தங்கவிடாமல் மறுபக்கம் தள்ளிவிடும். மாறாக, பம்பு மிகச் சிறிதாக இருந்தால், நீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவும்போது மணலைத் தூக்கிப் புரட்ட அதற்கு வலு இராது. பம்பின் உறிஞ்சு விசையில் ஓடும் கிரீப்பி கிராலி போன்ற தானியங்கித் துப்புரவுக் கருவியை வைத்திருப்பவர்கள், அதற்கு வேண்டிய ஓட்டத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1974-இல் நம் நாட்டின் ஸ்பிரிங்ஸ் நகரில் உருவான கருவி அது.

வகைகள் மூன்று. மணல் வடிகட்டி ஏறத்தாழ 20 முதல் 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள துகள்களையும், மடிப்புத் துணி உருளை வைத்த கார்ட்ரிட்ஜ் வடிகட்டி 10 முதல் 20 மைக்ரான் வரையுள்ளவற்றையும் பிடிக்கும். டையட்டம் மண் எனும் நுண்பாசி ஓட்டுப் பொடி பூசிய வடிகட்டி 3 முதல் 5 மைக்ரான் வரை இறங்கும். ஆனால் அந்தப் பொடியை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குத் தீங்கு என்பதால் வீட்டுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. சாம்பலும் இலையும் மிகுதியாக விழும் குளத்துக்கு மணலே ஏற்றது, ஏனெனில் வால்வின் கைப்பிடியைத் திருப்பினால் சில நிமிடங்களில் அது கழுவப்பட்டுவிடும். அதன் குறை, ஒவ்வொரு கழுவலுக்கும் 300 முதல் 500 லிட்டர் நீர் சாக்கடைக்குப் போவதாகும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, ஊரே பல மாதங்கள் லாரி நீரை நம்பி வாளியும் கையுமாக நின்றதை நினைத்தால், கார்ட்ரிட்ஜை முழுவதும் ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. அதைக் கழற்றித் தோட்டக் குழாயால் மடிப்பு மடிப்பாகப் பீய்ச்சிக் கழுவினால் போதும், குறைந்த நீரே செலவாகும். ஆயினும் சாம்பல் பருவத்தில் அந்த வேலையை அடிக்கடி செய்யப் பொறுமை வேண்டும்.

பராமரிப்பில் மிகுதியாகப் பிழை நேர்வது பேக்வாஷ், அதாவது நீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுதல், செய்யும் வேளையை முடிவு செய்வதில்தான். ஞாயிறு தவறாமல் கழுவுகிறேன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் நீரையும் வீணாக்கி, வடிகட்டலையும் கெடுத்துக்கொள்கிறார்கள். சற்றே அழுக்குப் படிந்த மணல், புதிதாகக் கழுவிய மணலைவிட நன்றாக வடிகட்டும். படிந்த அழுக்கே இடைவெளிகளைச் சிறிதாக்குகிறது. கழுவி முடித்தவுடன் அழுத்தமானி காட்டும் எண்ணை வடிகட்டியின் உடலிலேயே எழுதி வையுங்கள். முள் அதைவிட 50 முதல் 70 கிலோபாஸ்கல் வரை உயர்ந்த பிறகு கழுவினால் போதும். பம்பை நிறுத்தி, கைப்பிடியைப் பேக்வாஷ் நிலைக்கு மாற்றி, வால்வில் உள்ள கண்ணாடிக் குமிழில் நீர் தெளியும் வரை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். மறுபடியும் நிறுத்தி, ரின்ஸ் (அலசல்) நிலையில் அரை நிமிடம் ஓட்டுங்கள். அதன் பிறகே வடிகட்டும் நிலைக்குத் திருப்ப வேண்டும். ரின்ஸ் செய்யாவிட்டால் குழாயில் தங்கிய அழுக்கு குளத்துக்கே திரும்பி வரும்.

பம்பு ஓடும்போது கைப்பிடியைத் தொடவே கூடாது. நான் ஒருமுறை அவசரத்தில் திருப்பியதால் வால்வுக்குள் இருக்கும் சக்கர வடிவ ரப்பர் வாஷர் இடம் பெயர்ந்து, வடிகட்டும் நிலையிலும் கழிவுக் குழாயில் நீர் கசிந்துகொண்டே இருந்தது. குளத்தின் மட்டம் இறங்குவதைப் பார்த்துத் தரையில் வெடிப்பு என்று இரண்டு வாரம் தேடியது வேறு கதை.

பிற கோளாறுகளுக்கும் அடையாளங்கள் உண்டு. குளத்துக்குள் நீர் திரும்பும் வாயருகே மணல் படிந்தால், வடிகட்டியின் அடியில் உள்ள விரல் குழாய்களில் ஒன்று உடைந்திருக்கும். காற்றுக் குமிழிகள் வந்தால் பம்புக்கு முன்னுள்ள பகுதியில் காற்று நுழைகிறது. பெரும்பாலும் பம்பு மூடியின் ரப்பர் வளையம் காய்ந்திருக்கும் அல்லது குளத்து நீர், மேல்நீரை உறிஞ்சும் ஸ்கிம்மர் வாயின் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். வளையத்துக்குச் சிலிக்கான் மசகு மட்டுமே தடவ வேண்டும். வாஸ்லின் ரப்பரைக் கெடுக்கும். அழுத்தம் வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் மணலைச் சந்தேகிக்காமல் பம்பின் கூடையை முதலில் திறந்து பாருங்கள். மணலை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது; சன்ஸ்கிரீன் எண்ணெயும் சுண்ணமும் சேர்ந்து கட்டியாகியிருந்தாலோ, நீர் தனக்கென வாய்க்கால் அறுத்திருந்தாலோ மாற்றிவிடலாம்.

தீ வைத்த மறுநாள் காலையில் பம்பை இயக்குவதற்கு முன்பே மிதக்கும் சாம்பலை நுண்வலையால் அள்ளிவிடுங்கள். நனைந்து நொறுங்கிய பின் அது மணலுக்குள் புகுந்துவிடும். வடிகட்டி கிருமியைக் கொல்லாது என்பதால் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராமும், பி.எச். 7.2 முதல் 7.6 வரையிலும் இருக்க வேண்டும்.

கடைசியாக மின்வெட்டு. சுழலும் முள் உள்ள டைமர், மின்சாரம் போகும்போது தானும் நின்றுவிடும். இரண்டு மணி நேர வெட்டு இரண்டு முறை வந்தால், காலை எட்டுக்குத் தொடங்க வேண்டிய பம்பு நண்பகலில்தான் தொடங்கும்; அது யாருக்கும் தெரியாமல் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். மின்சாரம் திரும்பியதும் டைமரின் முள்ளைச் சரியான மணிக்குத் திருப்பி வையுங்கள். பம்பு நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால், உறிஞ்சு குழாயில் ஒரு திரும்பா வால்வு பொருத்துங்கள். இல்லையேல் வெட்டின்போது குழாய் காலியாகி, மின்சாரம் வந்ததும் பம்பு நீரின்றிச் சுழன்று சூடேறும்.