இணையக் கிரிக்கெட் மேலாண்மை விளையாட்டு: முதல் பருவத்தில் அணியை அமைக்கும் முறை

இணையக் கிரிக்கெட் மேலாண்மை விளையாட்டில் நாம் மட்டை பிடிப்பதுமில்லை, பந்து வீசுவதுமில்லை. கற்பனை விளையாட்டாளர்கள் கொண்ட ஓர் அணியும் கொஞ்சம் கற்பனைப் பணமும் நம்மிடம் ஒப்படைக்கப்படுகின்றன. யாரை ஆடவைப்பது, யாருக்கு என்ன பயிற்சி அளிப்பது, யாரை வாங்கி யாரை விற்பது என்று முடிவு செய்துவிட்டுக் காத்திருந்தால், குறித்த நேரத்தில் சர்வர் ஆட்டத்தைக் கணக்கிட்டு முடிவைச் சொல்லும். 1997இல் சுவீடனில் தொடங்கிய ஹாட்ரிக் என்னும் காற்பந்து விளையாட்டும் இதே முறையில் அமைந்ததுதான்.

கோலாலம்பூரின் மாமாக் உணவுக் கடைகளில் காற்பந்தையும் பூப்பந்தையும் பேசப் பத்துப் பேர் கிடைப்பார்கள். கிரிக்கெட் பேச இருவர் கிடைப்பதே அரிது. பிரிக்பீல்ட்ஸில் அப்படித் தேடிச் சேர்ந்த எங்கள் சிறு குழுவுக்குப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளையே கேட்பதால், ஒவ்வொரு முறையும் தே தாரிக் தேநீர் ஆறிப்போகும்வரை விளக்கிக்கொண்டிருப்பதைவிட எழுதிவைத்துவிடுவது மேல் என்று தோன்றியது. விளையாட்டுக்கு விளையாட்டு விதிகள் சற்று மாறும் என்பதால், உங்கள் விளையாட்டின் விதிப் பக்கத்தையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதற்படி: இருப்பைக் கணக்கெடுங்கள்

அணி கைக்கு வந்த முதல் இரண்டு நாள்களில் எதையும் வாங்க வேண்டாம். எவரையும் விற்கவும் வேண்டாம். ஒரு தாளிலோ எக்செல் பக்கத்திலோ ஒவ்வொருவரின் வயது, மட்டைத்திறன், பந்துவீச்சுத்திறன், வேகமா சுழலா என்ற வகை, விக்கெட் காப்புத்திறன், வாரச் சம்பளம் ஆகியவற்றை எழுதுங்கள். பின்னர், இன்றே ஆடத் தகுந்தவர், பயிற்சியால் வளரக்கூடியவர், மாற்றாளாக வைத்துக்கொள்ளத் தக்கவர், சம்பளம் மட்டும் வாங்குபவர் என நான்கு பிரிவாகப் பிரியுங்கள். நான்காம் பிரிவினரை மூன்றாம் நாள் விடுவிக்கலாம். இந்த வேலையைச் செய்யாமல் ஏலச் சந்தைக்குள் நுழைபவர், வீட்டில் என்ன இருக்கிறது என்று பாராமல் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்குப் போனவரைப் போல, ஏற்கெனவே இருப்பதையே மறுபடியும் வாங்கி வருவார்.

இரண்டாம் படி: ஓவர்களை எண்ணுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் மட்டையாளர்களிலிருந்து அணியைத் தொடங்குகிறார்கள். பந்துவீச்சிலிருந்து தொடங்குவதே சரி என்பேன். 50 ஓவர் ஆட்டத்தில் ஒருவர் 10 ஓவருக்கு மேல் வீச முடியாது. 20 ஓவர் கொண்ட டி20 ஆட்டத்தில் 4 ஓவர்தான். ஆகவே இரண்டிலுமே குறைந்தது ஐந்து பந்துவீச்சாளர்கள் கட்டாயம் வேண்டும். நான்கு நல்ல பந்துவீச்சாளர்களோடு நிறுத்திக்கொண்டு ஐந்தாமவரின் இடத்தைப் பகுதிநேரப் பந்துவீச்சாளரிடம் விட்டால், எதிரணி அந்தப் பத்து ஓவர்களில் மற்ற நாற்பதின் உழைப்பையும் கரைத்துவிடும்.

2023 ஜூலையில் பாயுமாஸ் ஓவல் திடலில் சீன அணிக்கு எதிராக மலேசியாவின் சியாஸ்ருல் இட்ருஸ் 8 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஏழு பேரும் கிளீன் போல்டு. சீனா 23 ஓட்டங்களில் சுருண்டது. ஆடவர் பன்னாட்டு டி20 ஆட்டத்தில் ஒருவர் 7 விக்கெட் எடுத்தது அதுவே முதல் முறை. ஆனால் அப்படிப்பட்ட நாளிலும் அவருக்கு விதி அனுமதித்தது 4 ஓவர்களே. நட்சத்திரப் பந்துவீச்சாளர் ஒருவருக்காகக் கருவூலத்தைக் காலி செய்யும் முன் இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

எனவே ஐந்து பந்துவீச்சாளர்கள், ஐந்து மட்டையாளர்கள், ஒரு விக்கெட் காப்பாளர் என்பதை அடிப்படை அமைப்பாகக் கொண்டு, பந்துவீச்சாளர்களுள் ஒருவரேனும் மட்டையும் நன்றாகப் பிடிக்கும் ஆல்ரவுண்டராக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காயத்திற்கும் களைப்பிற்கும் ஈடுகொடுக்க மொத்தம் 16 முதல் 18 பேர் போதும். விக்கெட் காப்பாளர் உண்மையிலேயே அத்திறன் உடையவராக இருக்க வேண்டும். நன்றாக அடிக்கிறார் என்பதற்காக ஒரு மட்டையாளரிடம் கையுறையை மாட்டிவிட்டால், அவர் விடும் கேட்சுகளின் விலை ஓட்டப் பட்டியலில் தெரியும்.

மூன்றாம் படி: ஒரே பயிற்சியைத் தேர்ந்துகொள்ளுங்கள்

அணியின் எதிர்காலம் முழுவதும் இந்தப் படியில்தான் தங்கியிருக்கிறது. இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் ஒரு வாரத்திற்கு ஒரு திறனை மட்டுமே முதன்மைப் பயிற்சியாகக் கொடுக்க முடியும். 17, 18 வயதினர் விரைவாகக் கற்பார்கள். வயது ஏற ஏறக் கற்கும் வேகம் குறையும். முப்பதைக் கடந்தபின் திறன் இறங்கத் தொடங்கும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வாரம் மட்டைப் பயிற்சி, அடுத்த வாரம் களத்தடுப்பு, அதற்கடுத்த வாரம் சுழற்பந்து என்று தாவுவது எவரையும் எங்கும் கொண்டு சேர்க்காது என்பது விளங்கும்.

மட்டைப் பயிற்சியையோ வேகப்பந்துப் பயிற்சியையோ ஒரு முழுப் பருவத்திற்குத் தேர்ந்துகொண்டு, அதற்குப் பொருந்தும் இளைஞர்கள் ஐந்தாறு பேரைச் சேருங்கள். விக்கெட் காப்புப் பயிற்சி முதல் பருவத்திற்கு ஏற்றதன்று; ஒருவர் வளர்வதற்காக மற்றவர்கள் தேங்கி நிற்க நேரிடும். ஆட்டத்தில் களமிறங்குபவருக்கே பயிற்சி முழுமையாகச் சேரும் என்ற விதி உங்கள் விளையாட்டில் இருந்தால், லீக் ஆட்டத்தில் மூத்தவர்களையும் நட்பு ஆட்டத்தில் இளையவர்களையும் இறக்குங்கள். நட்பு ஆட்டத்தின் தோல்வியால் தரவரிசைப் பட்டியலில் ஒரு புள்ளியும் குறைவதில்லை.

நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். முதல் வாரத்திலேயே கையிருப்பில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்து 29 வயது வேகப்பந்து வீச்சாளர் ஒருவரை வாங்கினேன். அந்தப் பருவத்தில் சில ஆட்டங்களை அவர் வென்று கொடுத்தது உண்மை. ஆனால் அடுத்த பருவத்திலேயே திறன் சரிய, சம்பளம் மட்டும் வாரந்தோறும் கணக்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. விற்கப் போட்டபோது கேட்க ஆளில்லை. அதே பணத்தில் 17 வயது மட்டையாளர்கள் நால்வரை வாங்கியிருந்தால், இருவரை வளர்த்து அணியில் வைத்துக்கொண்டு மற்ற இருவரை ஆதாயத்திற்கு விற்றிருப்பேன்.

விற்பதற்கும் நேரம் உண்டு. வாங்குபவர்கள் வயதைக் கொண்டே தேடுவதால், ஒருவர் 20 வயதிலிருந்து 21க்கு மாறிய மறுநாளே கேட்கும் விலை குறைவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பிறந்தநாளுக்குச் சில நாள்கள் முன்பே ஏலத்தில் இடுங்கள்.

நான்காம் படி: ஏலச் சந்தையும் நம் கடிகாரமும்

மலேசியாவிலிருந்து ஆடுபவர்களுக்கு நேர வேறுபாடு தனித் தொல்லை. ஏலம் முடியும் நேரம் பெரும்பாலும் சர்வர் நேரத்தில்தான் காட்டப்படும். லண்டன் நேரப்படி இரவு 8 மணிக்கு முடியும் ஏலம், அங்குக் கோடைக்காலமாக இருந்தால் நமக்கு விடியற்காலை 3 மணி. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்கு நகர்த்திய பிறகு 4 மணி. இந்திய நேரப்படி இரவு 9.30 என்றால் நமக்கு நள்ளிரவு 12. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பெரும்பாலோர் தூங்கும் நேரத்தில் கெடு முடியும் விளையாட்டாளர்களுக்குப் போட்டி குறைவு என்பதையும், ஐரோப்பியர்கள் வேலையிலும் பள்ளியிலும் இருக்கும்போது நமக்கு மாலை என்பதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். நான் வாங்கியவர்களில் மலிவானவர்கள் எல்லாரும் மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் வந்தவர்களே.

ஏலம் கேட்கும் முன் ஓர் உச்ச விலையைத் தாளில் எழுதுங்கள். அதைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். நாளைக்கும் சந்தை இருக்கும்.

வரவு செலவைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. வார வரவைவிட வாரச் சம்பளம் குறைவாக இருக்க வேண்டும். எட்டு வாரச் சம்பளத்திற்கு ஈடான தொகையைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். அரங்கத்தை விரிவாக்குவது இரண்டாம் பருவத்து வேலை.

ஐந்தாம் படி: ஆட்ட ஆணை

ஆட்ட ஆணை என்பது ஆட்டத்திற்கு முன் நாம் அனுப்பும் வரிசையும் குறிப்புகளும். மட்டை வரிசையில், புதிய பந்தைத் தாங்கக்கூடிய பொறுமைசாலிகளை மேலேயும் விரைந்து அடிப்பவர்களை ஐந்தாம், ஆறாம் இடங்களிலும் வையுங்கள். பந்துவீச்சில் சிறந்த இருவரின் ஓவர்களைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிடாமல், ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று ஓவர்களையேனும் கடைசிக்கட்டத்திற்கு ஒதுக்குங்கள். ஆடுகளத்தின் தன்மை முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டால், காய்ந்த களத்திற்கு ஒரு சுழற்பந்து வீச்சாளரையும் பசும்புல் களத்திற்கு ஒரு வேகப்பந்து வீச்சாளரையும் கூடுதலாகச் சேர்ப்பது வழக்கம்.

மழை விதி இருக்கும் விளையாட்டாயின், இரண்டாவதாக மட்டை பிடிக்கும்போது விக்கெட்டுகளைக் காப்பது ஓட்டம் சேர்ப்பதற்கு இணையானது. 2006 செப்டம்பரில் நம் மலேசியாவின் கின்ராரா ஓவல் திடலிலேயே நடந்த டிஎல்எஃப் கிண்ண ஆட்டம் ஒன்றில் சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 141 எடுக்க, இந்தியா 309 ஓட்டங்களைக் குவித்தது. மேற்கிந்தியத் தீவுகள் 20 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 141 எடுத்திருந்தபோது மழை ஆட்டத்தை நிறுத்தியது. மழையால் தடைபட்ட ஆட்டத்தின் இலக்கைத் திருத்தும் டக்வொர்த்-லூயிஸ் கணக்கின்படி வென்றது மேற்கிந்தியத் தீவுகளே. எஞ்சிய ஓவர்களோடு எஞ்சிய விக்கெட்டுகளையும் அந்தக் கணக்கு எடைபோடுகிறது. ஆகவே ஆணையில் முதல் 20 ஓவர்களுக்கு அடக்கமான ஆட்டத்தையே குறியுங்கள்.

ஆணையை அனுப்பியபின் அது பதிவாகியுள்ளதா என்று பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். முதல் நான்கு ஆட்டங்கள் முடியும்வரை வரிசையில் பெரிய மாற்றம் செய்ய வேண்டாம். ஒவ்வோர் ஆட்டத்திற்குப் பிறகும் எந்தப் பந்துவீச்சாளரின் எந்த ஓவர்களில் ஓட்டம் கசிந்தது என்பதை மட்டும், முதற்படியில் எழுதிய அதே தாளின் பின்பக்கத்தில் குறித்து வாருங்கள். ஐந்தாம் வாரம் ஏலச் சந்தையில் யாரைத் தேட வேண்டும் என்பதை அந்தக் குறிப்பைப் பார்த்தே முடிவு செய்யலாம்.