எந்த வரிசை? ரெகெக்ஸிலிருந்து சரங்களை உருவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சரம் என்றால் எழுத்துத் தொடர்; எந்தச் சரங்கள் வரலாம் என்று வடிவம் சொல்லும் குறியீடுதான் ரெகெக்ஸ். ஒரு முகவரிப் படிவத்தைச் சோதிக்க, அப்படியொரு வடிவத்திலிருந்து சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் எண்களை உருவாக்க வேண்டியிருந்தது. 1 முதல் 999 வரை ஓர் எண். பின்னால் ஏ முதல் டி வரை ஓர் எழுத்து வரலாம், வராமலும் போகலாம். 999 × 5 = 4,995 சரங்கள். எண்ணிக்கை சரியாக வந்தது, வரிசைதான் உதைத்தது. 109டி-க்கு அப்புறம் 10ஏ நின்றது.

எந்த வரிசை வேண்டும் என்று யோசிக்காமலேயே நிரல் எழுத உட்கார்ந்தது என் தவறு. கணினியின் அகராதி வரிசையில் இலக்கங்கள் எழுத்துகளுக்கு முன்னால் வரும். அதனால்தான் 10ஏ அவ்வளவு பின்னே போனது. நீளத்தை முதலில் பார்த்தாலோ, 1ஏ போய் 19-க்கும் 20-க்கும் நடுவில் உட்காரும். குடியிருப்பாளர் எதிர்பார்க்கும் 1, 1ஏ, 1பி வேண்டுமென்றால் எண்ணையும் எழுத்தையும் பிரித்துத்தான் ஒப்பிட வேண்டும்.

நட்சத்திரக் குறி இருந்தால் இன்னும் கவனம் தேவை. (அ|ஆ)* என்றால் அ அல்லது ஆ எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். இதை அகராதி வரிசையில் கேட்டால் வெற்றுச் சரத்துக்குப் பின் அ, அஅ, அஅஅ என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஆ-வின் முறை வரவே வராது. முடிவில்லாத வடிவங்களுக்கு முதலில் நீளம், ஒரே நீளத்துக்குள் அகராதி வரிசை என்பதே பாதுகாப்பு.

நான் அதிகம் பார்க்கும் தவறு, ரெகெக்ஸை அப்படியே லூப்புக்குள் லூப்பாக, அதாவது சுழற்சிக்குள் சுழற்சியாக, எழுதுவது. (க|கப)(பம|ம) என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் வரிசையாகத்தான் இருக்கிறது. ஆனால் லூப் தருவது கபம, கம, கபபம, கபம. கபம இருமுறை வந்துவிட்டது; அகராதி வரிசையில் முதலில் வரவேண்டிய கபபம மூன்றாவதாக நிற்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துவைத்து ஸார்ட் செய்யலாம் என்றால், பெரிய வடிவத்துக்கு மெமரி தாங்காது.

ரெகெக்ஸை டிஎஃப்ஏ-வாக, அதாவது நிலைகளும் அவற்றை இணைக்கும் எழுத்துப் பாதைகளும் கொண்ட வரைபடமாக, மாற்றுங்கள். ஒரு நிலையில் ஓர் எழுத்துக்கு ஒரே பாதை என்பதால் இரட்டிப்பு தானாகவே ஒழியும். அப்புறம் ஒவ்வொரு நிலையிலிருந்தும் சரியாக இத்தனை எழுத்தில் முடிவை எட்ட முடியுமா என்று முன்கூட்டியே குறித்துவையுங்கள். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் நிரல் முட்டுச்சந்துகளில் வீணாக அலையும். நீளம் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போய், சரங்களை ஒவ்வொன்றாக வெளியே விடுங்கள்.

சோதனைக்காகச் சிங்கப்பூர் அடையாள அட்டை எண்ணைப் போலியாக உருவாக்குவோர் இன்னொன்றையும் மறக்கிறார்கள். முதலில் ஐந்தில் ஓர் எழுத்து, ஏழு இலக்கங்கள், கடைசியில் 26-இல் ஓர் எழுத்து என்று வடிவம் எழுதினால் 1.3 பில்லியன் சரங்கள் வரும். ஆனால் கடைசி எழுத்து முன்னால் இருப்பவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. அந்தக் கணக்கைச் சேர்த்தால் 50 மில்லியன்தான் மிஞ்சும்.

தமிழ்ப் படிவங்களைச் சோதிக்கும்போது, அ முதல் ஔ வரை என்று நினைத்து [அ-ஔ] என்று எழுதாதீர்கள். எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் யூனிகோடில் அந்த இடைவெளியில் 16 இடங்கள் உண்டு, உயிரெழுத்துகள் 12-தான். மீதி நான்கும் வெறும் கட்டங்களாக வந்து விழும். பைத்தான் நிரல்மொழியில் இலக்கத்துக்கான சுருக்கக் குறி \d, ௧, ௨ போன்ற தமிழ் எண்களையும் ஏற்கும். [0-9] என்றே எழுதுங்கள். வரிசையும் நம்முடையது அன்று. யூனிகோடில் ன, ப-வுக்கு முன்னால் நிற்கிறது. ள-வுக்குப் பின்னால்தான் ழ. க் என்பதோ கௌ-வுக்கும் பின்னால். நம் நெடுங்கணக்கின்படி வேண்டுமென்றால், எழுத்துகளின் பட்டியலை நீங்களே எழுதி, அதை வைத்து ஒப்பிடுங்கள்.