குளிர்காலத்துல சார்ட்டர் படகுல (கேப்டனோட வாடகைக்கு எடுக்குற படகு) நடுக்கடல் தூண்டில் போடப் போறீங்களா, இத படிச்சிட்டு போங்க

கோடையில ஒரு தடவ போயி நாலு மீன் புடிச்சிட்டு வந்தவங்க, குளிர்காலமும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சு புக் பண்ணிடுறாங்க, அப்புறம் பாத்தா கரைய விட்டு கெளம்புன கொஞ்ச நேரத்துலயே கேபினுக்குள்ள சுருண்டு படுத்துக்கிட்டு எப்போ திரும்புவோம்னு கேக்குறாங்க. மீன் இருக்கத்தான் செய்யும், தூண்டில் ராடு புடிக்க கை வராது, அவ்ளோதான். அதனால முதல்ல ஒடம்ப பத்தி சொல்லிடுறேன், மீன் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்.

புக் பண்றப்பவே வானிலை சரியில்லன்னா பணம் என்ன ஆகும், வேற நாள் தருவாங்களான்னு கேட்டுருங்க, ஏன்னா குளிர்காலத்துல ட்ரிப் கேன்சல் ஆகுறது ரொம்ப சாதாரணம். போக வேண்டாம்னு கேப்டன் சொன்னா அவர்கிட்ட மல்லுக்கு நிக்காதீங்க, அப்படி சொல்ற கேப்டன்தான் நமக்கு வேணும். அரை நாள் ட்ரிப் எடுக்காதீங்க, இந்த சீசன்ல மீன் தூரமா, ஆழமா இருக்கும், போக வரவே நேரம் போயிடும். லைஃப் ராஃப்ட் (படகு மூழ்குனா ஏறிக்கிற மிதவை) இருக்கா, ஆபத்துல சாட்டிலைட்டுக்கு சிக்னல் அனுப்புற பீக்கன் இருக்கா, ஹீட்டர் போட்ட கேபின் இருக்கான்னு கேளுங்க, கூச்சப்பட ஒண்ணுமில்ல.

ஃபோர்காஸ்ட் நீங்களும் பாருங்க. நெறைய பேர் அலை உசரத்த மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணிடுறாங்க, அது பத்தாது, ரெண்டு அலைக்கு நடுவுல எத்தன செகண்டுன்னும் போட்டிருக்கும், அதுதான் முக்கியம். 2 மீட்டர் அலை 12 செகண்டுக்கு ஒண்ணு வந்தா படகு மெதுவா ஏறி மெதுவா எறங்கும், அதே 2 மீட்டர் 6 செகண்டுக்கு ஒண்ணு வந்தா நாள் பூரா படார் படார்னு அடிச்சிக்கிட்டே இருக்கும், முட்டி போயிடும். இன்னொண்ணு, அந்த 2 மீட்டர்ங்கறது வர்ற அலையில பெருசா இருக்குற மூணுல ஒரு பங்கோட சராசரிதான், நடுவுல அதுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உசரத்துக்கும் ஒண்ணு வரலாம். நீரோட்டத்துக்கு எதிரா காத்து அடிக்கிற நாளா இருந்தா அலை சுவர் மாதிரி செங்குத்தா நிக்கும், அன்னைக்கு வீட்டுலயே இருங்க.

இப்ப துணி. ஜீன்ஸ், காட்டன் பனியன் எதுவும் வேணாம், காட்டன் ஈரமாச்சுன்னா காயவே காயாது, ஒடம்பு சூட்ட உறிஞ்சிக்கிட்டே இருக்கும். உள்ள கம்பளி இல்லன்னா சிந்தெட்டிக், அதுக்கு மேல ஃப்ளீஸ், எல்லாத்துக்கும் மேல தண்ணி புகாத ஜாக்கெட்டும் மார்பு வரைக்கும் வர்ற பேண்ட்டும். 5 டிகிரிதானே, தாங்கிடலாம்னு தோணும், ஆனா மணிக்கு 30 கிலோமீட்டர் காத்து அடிச்சா ஒடம்புக்கு அது கிட்டத்தட்ட 0 டிகிரி மாதிரி, படகு 20 நாட் வேகத்துல ஓடுனாலே மணிக்கு 37 கிலோமீட்டர் காத்து மூஞ்சில அடிக்கும், அதனால போறப்ப கேபினுக்குள்ள இருங்க, வெளிய நின்னு வீரம் காட்டாதீங்க.

எல்லாத்தவிட மொதல்ல கைவிடுறது வெரல்தான். மூணு ஜோடி கிளவுஸ் எடுத்துட்டு போங்க, கட்டைவெரலும் ஆள்காட்டி வெரலும் வெளிய தெரியுற மாதிரி ஒண்ணு, தண்ணி புகாதது ஒண்ணு, ஈரமானா மாத்த ஒண்ணு. வெரல் மரத்துப்போனா முடிச்சு போட முடியாது, அதனால லீடர் (தூண்டில் நரம்போட நுனியில கட்டுற தனித் துண்டு), ஜிக் (மீன் மாதிரி ஆடுற கனமான உலோக இரை) எல்லாம் முந்துன ராத்திரியே வீட்டுல உக்காந்து கட்டி வச்சிருங்க, கடல்ல கொக்கிய மாட்டுனா போதும்ங்கற நெலமையில இருக்கணும். உறைய வைக்கிற குளிர்னா ராடு வளையத்துலயே ஐஸ் கட்டிக்கும், நரம்பு ஓடாது, ராடு நுனிய கடல் தண்ணில ஒரு முக்கு முக்குங்க, கரைஞ்சிடும்.

வாந்தி மாத்திரை போடுறதா இருந்தா டாக்டர கேட்டுட்டு, படகு ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போடுங்க, குமட்ட ஆரம்பிச்ச பின்னாடி போட்டா பிரயோஜனம் இல்ல. தலை சுத்துனா படகோட நடுவுலயோ பின்பக்கமோ நின்னு தொடுவானத்த பாருங்க, டீசல் புகை வர்ற பக்கம் போகாதீங்க, ஃபோன நோண்டாதீங்க. சரக்கு அடிச்சா சூடா இருக்கும்னு ஒரு கூட்டம் சொல்லும், தோல்ல ரத்தம் ஏறுறதால சூடு மாதிரி தெரியும், உண்மையில ஒடம்பு சூடு வேகமா வெளிய போயிட்டிருக்கும்.

லைஃப் ஜாக்கெட் சீட்டுக்கு அடியில இருந்து ஒரு புண்ணியமும் இல்ல, மாட்டிக்கிட்டே இருங்க. ஐஸ் மாதிரி தண்ணில விழுந்தா முதல் 1 நிமிஷம் மூச்சு தாறுமாறா இழுக்கும், அத அடக்குனா பொழச்சீங்க, அப்புறம் சுமார் 10 நிமிஷந்தான் கைகால் சொன்ன பேச்சு கேக்கும், நெனவு போக சுமார் 1 மணி நேரம் ஆகும். நல்லா நீந்துறவங்களும் குளிர்ல செத்துப்போறதுக்கு முன்னாடியே மூழ்கிடுறாங்க, காரணம் இதுதான். படகு ஓரத்துல ஒண்ணுக்கு போறேன்னு தனியா போகாதீங்க, சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

சரி, மீனுக்கு வருவோம். ஆழத்துல ஜிக் போடுறதா இருந்தா பிரெய்டு நரம்பு (பல இழைய பின்னுன நரம்பு), ஏன்னா மெல்லிசு, நீளாது, அடியில மீன் லேசா தட்டுனாலும் கைக்கு தெரியும். ஜிக்க எறக்குறப்ப ஸ்பூல் (ரீல்ல நரம்பு சுத்தியிருக்குற உருளை) மேல கட்டைவெரல லேசா வச்சிருங்க, ஓடிட்டிருக்குற நரம்பு சட்டுனு தளர்ந்துச்சுன்னா தரை தட்டிருச்சுன்னு அர்த்தம், அந்த நொடியே ரீல லாக் பண்ணி ரெண்டு மூணு சுத்து ஏத்துங்க, யோசிச்சிட்டு நின்னா பாறையில மாட்டிக்கும். தரை தட்டுறதுக்கு முன்னாடியே நரம்பு நின்னுச்சுன்னா நடுவுல மீன் வாங்கிருச்சு, ஒடனே சுத்துங்க. குளிர்ந்த தண்ணில அடிமீன் சோம்பேறியாத்தான் இருக்கும், ஜிக்க அர மீட்டர் தூக்கி மெதுவா விழ விட்டா போதும், பல கடி அது விழுறப்பத்தான் வரும்.

டிராக், அதாவது மீன் இழுக்குறப்ப நரம்ப விட்டுக்கொடுக்குற ரீல் பிரேக், நரம்போட தாங்கு சக்தியில நாலுல ஒரு பங்கு, மிஞ்சிப்போனா மூணுல ஒரு பங்குக்குள்ள இருக்கட்டும், கையால இழுத்து பாத்து சரியா இருக்குன்னு சொல்லாதீங்க, தராசுல மாட்டி பாருங்க. இரை வச்ச சர்க்கிள் ஹூக்னா (முனை உள்பக்கமா வளைஞ்ச கொக்கி) கடிச்சதும் வெட்டி இழுக்கக்கூடாது, பழக்க தோஷத்துல எல்லாரும் இழுப்பாங்க, சும்மா சுத்திக்கிட்டே வாங்க, வாய் ஓரத்துல தானா மாட்டும். பிரெய்ட கையில சுத்தி மட்டும் இழுக்காதீங்க, வெரலையே அறுத்துடும். பெரிய சூரை மாட்டுச்சுன்னா இடுப்பு பெல்ட்ட கட்டிக்கிட்டு, ராட மெதுவா தூக்கி, எறக்குறப்ப சுத்துங்க, பக்கத்துல வந்ததும் கொக்கிக் கம்பு போடுறது டெக் ஆளோட வேலை, நீங்க குறுக்க போகாதீங்க.

ஆழத்துல இருந்து வர்ற கலவா மாதிரி மீனுக்கு காத்துப்பை ஊதிடும், 30 மீட்டர்ல இருந்து மேல வந்தாலே உள்ள இருக்குற காத்து 4 மடங்கு ஆகும். திருப்பி விடணும்னா சும்மா தூக்கி போட்டா மிதந்து செத்துடும், எடை கட்டி கீழ எறக்கி விடுற கருவி படகுல இருக்கான்னு கேளுங்க. வச்சிக்கிற சூரைய ஒடனே ரத்தம் வடிச்சு, ஐஸும் கடல் தண்ணியும் கலந்த கலவையில முழுசா முங்குற மாதிரி போடுங்க. குளிரா இருக்கேன்னு டெக்குல அப்படியே போட்டு வைக்காதீங்க, சூரையில ஹிஸ்டமின்ங்கற நச்சு உருவாச்சுன்னா எவ்ளோ வேகவச்சாலும் போகாது.