முத்துச்சரச் செடி சுருங்கினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

நாகர்கோவிலில் எங்கள் தெருவில் இப்போது வீட்டுக்கு வீடு முத்துச்சரச் செடி தொங்குகிறது. நாற்றுப் பண்ணைகளில் ‘ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ்’ என்று சொல்லி விற்பது இதைத்தான். வாங்கிய சில வாரங்களிலேயே வாடிய தொட்டியை ஏந்திக்கொண்டு என்னிடம் வருபவர்களைப் பார்த்தால், நான் தொடக்கத்தில் செய்த பிழைகள் ஒன்றுவிடாமல் திரும்பி வந்ததுபோல் இருக்கிறது. உச்சி வெயிலில் வைக்கக் கூடாது என்பதெல்லாம் அனைவரும் அறிந்ததே, அதை விட்டுவிடுகிறேன்.

சுருக்கத்தைத் தாகம் என்று எண்ணுவது

இன்றும் என்னை எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். ஓர் ஆடி மாதம், சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, உருண்டையான இலைகள் உலர்ந்த மிளகுபோலச் சுருங்கத் தொடங்கின. தாகம் என்று எண்ணி ஊற்றினேன்; மேலும் சுருங்கின; மேலும் ஊற்றினேன். கடைசியில் தொட்டியைக் கவிழ்த்தபோது, வேர்கள் அவித்த சேமியாபோல விரலோடு வந்தன. ஒரே மாதத்தில் மூன்று தொட்டிகள் போயின.

இது தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலத்துச் செடி. ஈரம் வடியாத மண்ணில் காற்றின்றி வேர் அழுகிவிட்டால், சுற்றிலும் நீர் இருந்தும் அதனால் உறிஞ்ச முடியாது. எனவே தாகத்திலும் அழுகலிலும் இலை ஒரே மாதிரியாகத்தான் சுருங்கும். இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில், பங்குனியில் ஊற்றிய கணக்கிலேயே ஆடியிலும் ஐப்பசியிலும் ஊற்றுவது செடியைக் கொல்வதற்குச் சமம். ஓர் ஈர்க்கை அடிமண் வரை குத்தி, சற்று நேரம் விட்டு உருவிப் பாருங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் சொம்பைக் கீழே வைத்துவிடுங்கள்.

வேர் அழுகியிருந்தாலும் கொடிகளில் நலமானவற்றை வெட்டி, வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் விட்டு, மணல் கலந்த மண்ணின்மேல் பாய்போலப் பரப்பி வைக்கலாம். தரையில் படர்ந்து கணுக்கள்தோறும் வேர்விடுவது இதன் இயல்பு.

வாங்கிய நார்த்தூளோடு நடுவது

பண்ணையில் வேரைச் சுற்றி அடைத்திருக்கும் தேங்காய் நார்த்தூள், வெளிமண் காய்ந்த பிறகும் நடுவில் நனைந்த பஞ்சாகவே இருக்கும். அதைப் பொறுமையாக உதிர்த்துவிட்டு, ஆற்று மணலும் உடைத்த செங்கல் சல்லியும் பாதிக்குமேல் கலந்த மண்ணில் நடுங்கள். வேர் ஆழமாக இறங்காததால் அகன்ற, ஆழமில்லாத தொட்டியே போதும்.

கூரையை ஒட்டித் தொங்கவிடுவது

தொங்கும் சரங்களுக்கு மட்டும் வெளிச்சம் கிடைத்து, உச்சி இருளில் கிடந்தால் அங்கே வழுக்கை விழும். சன்னல் மட்டத்திற்கு இறக்குங்கள்.

சிரட்டையில் வளர்ப்பது

அழகுதான். துளையிடுங்கள்.

மழைக்காலத்தில் உரம்

வேண்டாம்.