நீலகிரி மலை ரயிலை மாதிரியாக அமைத்துக் காட்சிக்கு வைக்கும் முறை

நீலகிரி மலை ரயிலின் தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டர் என்பதால், 1:87 அளவில், அதாவது அசலில் 87-இல் ஒரு பங்காக, செய்யும் மாதிரிக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் பொருந்தும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பாதை ஏறத்தாழப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் ஏறுகிறது. அப்படியானால் 120 சென்டிமீட்டர் பலகையில் 10 சென்டிமீட்டர் உயர்வு வேண்டும். இந்தச் சரிவில் சாதாரண மாதிரி எஞ்சின் வழுக்கிவிடும். எனவே தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டமும் (பற்கள் வெட்டிய நீண்ட சட்டம்) அதைப் பற்றி ஏறும் பற்சக்கர எஞ்சினும் அவசியம். எஞ்சினைப் பெட்டிகளுக்குப் பின்னால், சரிவின் இறக்கப் பக்கமே வையுங்கள். அசல் வண்டியிலும் அது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டுதான் மலையேறுகிறது. அந்தக் காட்சிதான் இந்தப் பாதையின் உயிர்.

காட்சிக்கு எடுத்துச் செல்லும் அமைப்பில், பலகைகள் சேரும் இடத்தில்தான் சிக்கல் அதிகம். இரு பலகைகளையும் இறுக்கிப் பூட்டி, ஓரங்களில் பதித்த பித்தளைத் திருகுகளின் தலையில் தண்டவாளத்தைச் சால்டர் செய்து, அதன் பிறகே பலகைகள் சேரும் கோட்டில் தண்டவாளத்தை மெல்லிய ரம்பத்தால் அறுக்க வேண்டும். அப்போதுதான் முனைகள் ஒவ்வொரு முறையும் பிசகாமல் நேராகச் சேரும்.

என் முதல் காட்சியில், காலையில் சீராக ஓடிய வண்டி பிற்பகலில் திணறி நின்றது. தண்டவாளம் வழியே எஞ்சினுக்குச் செல்லும் மின்சாரத்தைத் தடுக்கும் கரிய படலம் அதில் படிந்திருந்தது. இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்துவிடுகிறேன்.