ஹைட்ராலிக் கிளட்ச் ஒழுகுகிறதா? இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை

பைக்கின் பிரேக் எண்ணெய் டப்பாவில் அளவு இறங்கினால் பேட் தேய்ந்திருக்கலாம். கிளட்ச் டப்பாவில் அந்தச் சமாதானம் செல்லாது. கிளட்ச் தட்டுகள் தேயத் தேய, புஷ் ராட் (கிளட்சை விடுவிக்கும் தண்டு) ஸ்லேவ் பிஸ்டனை (எண்ணெய் அழுத்தத்தால் அந்தத் தண்டைத் தள்ளும், இன்ஜின் பக்கத்துப் பிஸ்டன்) பின்னுக்குத் தள்ளும். பெரும்பாலான பைக்குகளில் டப்பாவின் அளவு ஏறத்தான் செய்யும். எனவே அளவு இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஊற்றிவிட்டு ஓட்டிக்கொண்டே இருந்தால், ஒரு நாள் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் லீவர் கைப்பிடியில் முட்டும், கியர் விடுபடாது.

தொடங்குமுன் டப்பா மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் டாட் 4 (ஒரு வகைப் பிரேக் எண்ணெய்) இருக்கும். சில பழைய கேடிஎம், பிஎம்டபிள்யூ மாடல்களின் கிளட்சுக்கு மினரல் எண்ணெய். இரண்டையும் மாற்றி ஊற்றினால் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். பிறகு எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டியதுதான்.

ஒழுகும் இடம் பெரும்பாலும் ஸ்லேவ் பிஸ்டன் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர். பல ஜப்பானிய பைக்குகளில் அது முன் ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) மூடிக்குப் பின்னால், செயின் அழுக்கு அப்பிய இடத்தில் இருக்கிறது. அங்கே கறுப்பு ஈரம் தெரிந்தால் உடனே ஸ்லேவைக் குற்றம் சொல்லாதீர்கள். பக்கத்திலேயே புஷ் ராட் சீல் இருக்கிறது, அது போனால் இன்ஜின் எண்ணெய் வரும். செயினுக்குப் பூசும் மசகான லூப்பும் அங்கேதான் தெறிக்கும். பிரித்தறிய எளிய வழி: ஈரத்தில் ஒரு சொட்டைத் தண்ணீர்க் குவளையில் விடுங்கள். டாட் 4 தண்ணீரில் கரைந்துவிடும். இன்ஜின் எண்ணெயும் லூப்பும் மிதக்கும். மினரல் எண்ணெயும் மிதக்கும் என்பதால், அந்த பைக்குகளுக்கு இந்தச் சோதனை உதவாது.

ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழற்றி, பிரேக் கிளீனரால் வெளிப்புறத்தை மட்டும் துடையுங்கள். ரப்பர் மேல் அடிக்காதீர்கள். காய்ந்ததும் ஸ்லேவ், பேஞ்சோ போல்ட் (எண்ணெய்க் குழாயைப் பிணைக்கும் போல்ட்), பிளீட் நிப்பிள் (காற்றை வெளியேற்றும் திருகு), லீவர் அடி ஆகியவற்றின் கீழ் வெள்ளை டிஷ்யூ கட்டுங்கள். லீவரை நன்றாக இழுத்து, கேபிள் டையால் கைப்பிடியோடு கட்டி ஓர் இரவு விடுங்கள். அடுத்த இரவு கட்டாமல் விடுங்கள். இரண்டாவது இரவை விட்டுவிடாதீர்கள்: அழுத்தம் இருக்கும்போது இறுகிக்கொள்ளும் தேய்ந்த சீல், அழுத்தம் இல்லாதபோது ஒழுகுவதுண்டு. எந்த டிஷ்யூ நனைந்திருக்கிறதோ அங்கேதான் கோளாறு.

லீவர் பக்கம் ரப்பர் உறையை உரித்துப் பாருங்கள். உள்ளே ஈரம் என்றால், லீவர் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் வெளிச் சீல் போய்விட்டது. பேஞ்சோ போல்டில் ஈரம் என்றால் செப்பு வாஷர் இரண்டையும் புதிதாக மாற்றுங்கள். பழையதையே வைத்து இன்னும் இறுக்கினால் போல்ட் அறுந்துபோகும்.

எங்குமே ஈரம் இல்லை, அளவும் குறையவில்லை, ஆனால் முதல் கியரில் லீவரைப் பிடித்து நின்றால் பைக் மெல்ல நகர்கிறதா? மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விட்டுக்கொடுக்கலாம். லீவரை மிக மெதுவாக இழுங்கள், பிறகு சட்டென்று இழுங்கள். மெதுவாக இழுக்கும்போது மட்டும் தளர்ந்தால் உள் சீலை மாற்ற வேண்டும்.

ஸ்லேவைக் கழற்றிய பிறகு யாரும் லீவரைத் தொடக்கூடாது, பிஸ்டன் வெளியே தெறித்துவிடும். உள்சுவரை நகத்தால் வருடுங்கள். நகம் சிக்கினால் புதுச் சீல் போட்டாலும் நிற்காது. முழு ஸ்லேவையே மாற்றுங்கள். டாட் 4 ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரமே உள்ளிருந்து சிலிண்டரை அரிக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். எப்போதோ திறந்து வைத்த புட்டியையும் ஊற்றாதீர்கள்.

புதுச் சீலை டப்பா மூடியில் எழுதியிருக்கும் அதே எண்ணெயில் நனைத்துப் பொருத்துங்கள், கிரீஸ் வேண்டாம். டாட் 4 பெயிண்டைக் கரைக்கும். டாங்க்கின் மேல் துணி போடுங்கள், சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கழிவெண்ணெயைக் கார்பார்க் சாக்கடையில் கொட்டாதீர்கள். மழைநீர்க் கால்வாய்கள் பெரும்பாலும் நம் நீர்த்தேக்கங்களுக்கே போகின்றன. ஒரு புட்டியில் அடைத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.